மார்சியின் ஆட்சேபம்

"நாடகமே வேண்டாம்னு நான் சொல்லல. பள்ளிக்கூடத்துப் பசங்க போடுற நாடகம் இது இல்லன்னுதான் சொல்றேன்."

பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் மார்சி கையிலிருந்த தாள்களைத் தலைமை ஆசிரியரின் மேஜைமேல் வைத்தாள். முப்பத்தெட்டுப் பெற்றோரின் கையெழுத்து.

ஷானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடையேற்றத்துக்கு இன்னும் மூன்றே வாரம். அவள் மகள் ப்ரின்தான் கதாநாயகி. தொண்டை கட்டக் கட்டப் பாடிப் பழகிக்கொண்டிருக்கிறாள். பதினாறு கவுன் தைத்துக் கொடுத்திருப்பது ஷானா. போன வருஷம்தான் இந்த நெப்ராஸ்கா மாநிலத்து ஊருக்குக் குடிவந்த ஒருத்தி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி நாடகத்தையே நிறுத்தப் பார்க்கிறாளே!

"எதெது தப்புன்னு சொல்லுங்க, பேசலாம்" என்றார் தலைமை ஆசிரியர்.

"ரெண்டாம் பாகத்துல ஒரு முத்தம் இருக்கு."

"கன்னத்துலதாங்க" என்றாள் நாடகத்தை இயக்கும் இளம் ஆசிரியை நொவோட்னி.

"ரெண்டு பாட்டுல கெட்ட வார்த்தை வருது."

"மாத்திடறேன்."

"அப்புறம்... அந்த மதுக்கடைக் காட்சி. கதாநாயகியோட அப்பா குடிச்சிட்டு ஆடறதும் விழறதும்."

நொவோட்னி நிமிர்ந்தாள். "மொத்த நாடகத்துலயும் சிரிப்பு வர்ற இடமே அதுதாங்க! உங்க பையன் டேனர்தான் அந்த அப்பா. ஒத்திகையில அவன் நடந்து வந்தாலே எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிறாங்க."

மார்சி மேஜைமேலிருந்த தாள்களை நேராக அடுக்கினாள்.

பின்வரிசையில் ஒருவர், "பசங்க போன்ல பாக்காததையா இங்க காட்டப் போறோம்?" என்றார். "அதுக்காக முத்தத்தை மேடையேத்தணுமா?" என்று ஒரு அம்மாள் எகிறினாள். கூட்டம் இரண்டுபட்டது.

ஷானா எழுந்தாள்.

"மார்சி, பிடிக்கலன்னா உங்க பையனை மட்டும் நிறுத்திக்குங்களேன். எங்க பசங்க ஆசையில ஏன் மண்ணைப் போடறீங்க?"

"சொல்லிப் பாத்துட்டேன். மாட்டேங்கறான்."

"பெத்த பையனே கேக்கல. ஊரு மட்டும் கேக்கணுமாக்கும்!"

சிரிப்பு கிளம்பியது. மார்சியின் முகம் சிவந்தது.

"சரி, முத்தம் இருந்துட்டுப் போகட்டும். கெட்ட வார்த்தையும் இருக்கட்டும். அந்தக் குடிகாரக் காட்சியை மட்டும் எடுத்துடுங்க. இந்தத் தாளையெல்லாம் இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

"அப்ப இவ்வளவு நேரம் ஒழுக்கம் ஒழுக்கம்னு பேசினது?" ஷானா விடவில்லை. "பேரம் பேசறதுக்குத்தானா? நீங்க ஒரு பீர்கூடத் தொட மாட்டீங்கன்னா உங்களோட வச்சுக்குங்க. நாடகத்துல ஒருத்தன் குடிச்சா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

மறுபடி சிரிப்பு. இம்முறை மார்சிக்குக் கையெழுத்துப் போட்டவர்களும் சிரித்தார்கள்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு வந்தான் வெர்னன், மார்சியின் கணவன். தானியக் கிடங்கில் வேலை. தொப்பியிலும் தோளிலும் சோளத்தூசி.

"உன்னை வர வேண்டாம்னு சொன்னேனே" என்றாள் மார்சி மெல்ல.

அவன் அவளருகே நின்றுகொண்டான். "நானும் டேனருக்கு அப்பன்தானே. ஒரு வார்த்தை சொல்லலாமா?"

"சொல்லுங்க" என்றார் தலைமை ஆசிரியர்.

"அந்தக் காட்சி இருக்கணும்."

ஷானா கை தட்டியே விட்டாள். "கேட்டீங்களா? வீட்டுக்காரரே சொல்லிட்டாரு!"

"முழு நாடகத்தையும் படிச்சேன். கடைசியில அந்த அப்பன் குடியை விட்டுட்டு, மகள் முன்னாடி நிமிர்ந்து நிக்கிறான். விழறதை எடுத்துட்டா அவன் எழுந்திரிக்கறதுக்கு என்னங்க அர்த்தம்?"

"வெர்னன், போதும். வா, போகலாம்." மார்சி அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் குரல் உடைந்திருந்தது.

அவன் அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"நீங்க எல்லாரும் இவளைத் தப்பா நெனச்சுட்டீங்க. முத்தம், கெட்ட வார்த்தை எதுவும் இவளுக்குப் பெருசில்ல. என் பையன் அந்த நடையை எங்க கத்துக்கிட்டான்னு இந்த ஊருக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் இவ்வளவு பேச்சையும் வாங்கிக்கிட்டு நிக்கிறா. நான் குடியை விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. பழைய ஊர்ல நான் விழாத தெரு கிடையாது. அந்தக் குடிகார ஆளைத் தெரியாத இடமா இருக்கணும்னுதான் இவ எங்களை இங்க கூட்டிட்டு வந்தா."

கையெழுத்துத் தாள்கள் மேஜைமேல் அப்படியே கிடந்தன. ஷானாவால் மார்சியை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

நொவோட்னிதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப டேனர்... ஒத்திகையில எங்களையெல்லாம் சிரிக்க வச்சானே, அது உங்களைக் கேலி பண்ணியா?"

"கேலியா?" வெர்னன் சிரித்தான். "மொத நாளே வந்து, 'உன்னை மாதிரி நடிச்சா உனக்கு வலிக்குமாப்பா, வலிக்கும்னா விட்டுடறேன்'னு கேட்டான்; நான்தான் எங்க வீட்டுக் கூடத்துல நடந்து காட்டி, எப்படி விழணும்னு சொல்லிக் குடுத்தேன்."