முப்பதில் போன முட்டை வண்டி

என் அக்கா வேனின் முன் சீட்டில், நடுவில் உட்கார்ந்தாள். அவளுடைய துணிப்பை என் மடியில் இருந்தது.

அவள் வீட்டுக்காரர், எனக்கு மாமா, வண்டியில் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அந்தப் பையோடு அவள் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். காலையிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். மாமா பதில் சொல்லாமல் முட்டைத் தட்டுகளைக் கயிறு போட்டு இறுக்கி, பின்கதவைச் சாத்தினார்.

பதில் சொல்லாமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை.

எங்கள் ஊருக்குள் எண்பதில் போகலாம் என்று இருந்தது. அதை முப்பதாகக் குறைத்துவிட்டார்கள். இன்றுதான் முதல் நாள். எங்கள் தெரு மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்ட பலகை, பெயின்ட் வாசனைகூடப் போகாமல் நிற்கிறது.

"முப்பதுல போறதுக்கு வண்டி எதுக்கு, செருப்பே போதுமே" என்றார் சலூன்காரர். அக்கா தெருவில் வருவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அது சும்மா வந்த பலகை இல்லை. போன வருடம் மளிகைக்கடைக்கு அழிரப்பர் வாங்கப் போன அக்கா மகளை, கடையை ஒட்டின சின்னப் பாலத்தில் ஒரு லாரி அடித்துவிட்டது. பொடிசு என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். ஒரே பிள்ளை.

கண்ணீர் காய்வதற்குள், வேகத்தைக் குறைக்கச் சொல்லி மனு எடுத்துக்கொண்டு அக்கா கிளம்பிவிட்டாள். டவுனில் அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. அதுவும் வாய்க்கால் கரை வழியாக, மொட்டை வெயிலில், நடந்தே போவாள். வாசலில் பஸ் வந்து நின்றாலும் ஏறமாட்டாள். என்ன வைராக்கியம் என்று ஊரே வாயைப் பிளந்தது. நானும்தான்.

மாமா ஒரு கூட்டத்துக்குக்கூட வரவில்லை. மனுவில் கையெழுத்துக் கேட்டதற்கு "அப்புறம் பாக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனிதர் முட்டை வண்டி ஓட்டுகிறவர். சின்னப் பள்ளம் என்றால்கூட இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் சக்கரத்தை இறக்குவார். அப்பேர்ப்பட்டவர் அந்தப் பாலம் வந்தால் மட்டும் ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதிப்பார். தினமும். பெற்ற பிள்ளை விழுந்த இடத்தில்.

சாயங்காலம் வண்டியிலிருந்து உடைந்த முட்டைகளை வாளியில் வழித்து எடுக்கும்போது, அவை எங்கே உடைந்தவை என்று அக்காவுக்குத் தெரியும். அவற்றை அவள் அடுப்பில் ஏற்றியதே இல்லை. வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

எனக்கு வாய் நீளம். "நீங்கல்லாம் ஒரு அப்பாவா மாமா?" என்று கேட்டே விட்டேன். அவர் வாளியைக் கழுவப் போய்விட்டார். சரியான கல்லுளிமங்கன்.

இன்று அவளை வண்டியில் ஏறச் சொன்னதும் நான்தான். பக்கத்திலேயே உட்கார்ந்து பார், யார் பேச்சும் வேண்டாம், உன் கண்ணே சொல்லட்டும் என்றேன். கோபத்தில் ஒன்றும் யோசிக்காமல் ஏறிவிட்டாள்.

வண்டி மெயின் ரோட்டில் ஏறியது. மாமா பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினார். முள் முப்பதுக்கு வந்து நின்றது. நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தாண்டட்டும், அப்புறம் இருக்கிறது.

தாண்டவில்லை.

மளிகைக்கடை வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கும்பிடுவதா, உள்ளே போய்விடுவதா என்று தெரியாமல் கையில் தராசுத் தட்டோடு நின்றார். அந்த மனிதரின் முகத்தை முழுசாகப் பார்க்க எங்களுக்கு நேரம் இருந்தது.

அப்புறம் பாலம். லாரி இடித்த கைப்பிடிச் சுவரைப் புதுச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். பழைய சுவரோடு ஒட்டாமல் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. பொடிசின் தோள் உயரம் இருக்கும். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கண் அளந்துவிட்டது.

பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. மாமா எதையும் காதில் வாங்கவில்லை. கன்னம் முழுக்க நனைந்திருந்தது.

கல்லுளிமங்கன் அழுதுகொண்டிருந்தார்.

தினமும் எதற்காக மிதித்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த இடத்தை அந்த மனிதரால் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அக்காவுக்குக் காட்டலாம் என்று திரும்பினேன்.

அவள் கண்களை இறுக மூடியிருந்தாள். அவளுடைய நகங்கள் என் முழங்கையில் பதிந்திருந்தன.

பஸ் வேண்டாம் என்றவள். வெயிலில் வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு போனவள். பொடிசு போனதிலிருந்து அவளும் இந்தப் பாலத்தின் மேல் வந்ததே இல்லை. எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

"தாண்டியாச்சா?" என்றாள்.

"இன்னும் இல்லக்கா."

அவள் கண்ணைத் திறக்காமலே மாமா பக்கம் கையை நீட்டித் துழாவி, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேகமா போங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும், வேகமா போங்க."

மாமா முள்ளைப் பார்த்தார். என் மடியில் இருந்த பையைப் பார்த்தார். முப்பதிலேயே போனார்.

டவுனில் தட்டுகளை இறக்கியபோது ஒரு முட்டைகூட உடைந்திருக்கவில்லை.