அவஸ்தைப் பூசுதல்

திருச்சி ஆஸ்பத்திரியின் காசநோய் வார்டில், பாலக்கரை இன்னாசிராஜ் நாலு நாளாகக் கஞ்சியைத் தொடவில்லை. சாகக் கிடக்கும் கிறிஸ்தவனுக்கு எண்ணெய் பூசச் சாமியார் வருவார். தனக்கு எப்போது வருவாரோ என்று வாசலையே பார்த்துக் கிடந்தான்.

அன்று காலை வெள்ளை அங்கியும் கைப்பையுமாக ஒரு சாமியார் நேரே அவனிடம் வந்து நின்றார்.

இன்னாசிராஜ் அவசரமாகக் கைகூப்பினான்.

"சாமி, கோயில் தோட்டத்து மாங்காயெல்லாம் பறிச்சது நாந்தான். கறி தொடக்கூடாத பெரிய வெள்ளிக்கிழமையன்னிக்கே பிரியாணி தின்னிருக்கேன். மன்னிச்சு, சீக்கிரம் பூசிடுங்க."

சாமியார் பக்கத்துக் காலிக் கட்டிலில் உட்கார்ந்து பையைத் திறந்தார். தட்டு வந்தது, டம்ளர் வந்தது, போர்வை வந்தது. எண்ணெய் மட்டும் வரவில்லை.

"பூச வரலப்பா. எனக்கும் இதே நோய்தான். ஆறு மாசம் இங்கதான் இருக்கணுமாம்." அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "ரொம்பப் பயமா இருக்குப்பா."

இன்னாசிராஜ் எழுந்து உட்கார்ந்தான்.

"ஆயா, ரெண்டு பேருக்கும் கஞ்சி ஊத்துங்க" என்று குரல் கொடுத்தான்.

வந்த கஞ்சியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"பயந்து பட்டினி கிடந்தா நோய் போயிடுமா சாமி? என்னையப் பாருங்க."