நன்கொடைக் கைகள்

செங்கோடனின் இடக்கை வடக்கு வல்லரசு கொடுத்தது. வலக்கை மேற்கு வல்லரசு கொடுத்தது. நாடு வடக்கோடு சேர்ந்து போரிட்டபோது ஒரு கை போயிற்று. பிறகு அணி மாறி மேற்கோடு சேர்ந்து போரிட்டதில் மற்றதும் போயிற்று. இரண்டு வல்லரசுகளும் பெருந்தன்மையாக ஆளுக்கொரு இரும்புக் கையை மாட்டிவிட்டன. கொடுத்தவர்களுக்குக் கோபம் வந்தால் கைக்கும் வரும். மற்றபடி சலூன் நடத்த வசதியான கைகள்தான்.

அன்று அவன் தவசியண்ணனுக்கு ஷேவிங் செய்துகொண்டிருந்தபோது, டிவியில் பிரதமர் பேச ஆரம்பித்தார்.

"வடக்கு நமது உற்ற தோழன்."

வலக்கை கத்தியை அழுத்தியது. தவசியின் தொண்டையில் ரத்தம் கோடாக இறங்கியது.

"டேய், என்னடா பண்ற?"

"நான் எங்கண்ணே பண்றேன்? மேக்குக்காரனுக்குக் கோவம். அசையாம இருங்க."

"மேற்கும் நமது உற்ற தோழன்."

வலக்கை தணிந்தது. இடக்கை தவசியின் முடியைக் கொத்தாகப் பிடித்துக் கண்ணாடியில் மோதியது. கண்ணாடி நொறுங்கியது.

"மண்டைய ஒடைச்சதுக்கும் சேத்துக் காசு கேப்பியாடா?" என்று முனகினார் தவசி.

"ஆகவே, இனி நாம் யார் பக்கமும் இல்லை" என்று முடித்தார் பிரதமர். அவையில் கைதட்டல்.

கத்தி கீழே விழுந்தது. இரண்டு கைகளும் தவசியை விட்டுவிட்டு, முதன்முறையாக ஒற்றுமையாக எழுந்து செங்கோடனின் கழுத்தையே நெரித்தன. தவசி பாதி நுரை முகத்தோடு பாய்ந்து இழுத்துப் பார்த்தார். ஒரு விரல்கூட அசையவில்லை.

செங்கோடனுக்குக் கண்கள் பிதுங்கின.

"அண்ணே, பிரதமர் ஆபீசுக்குப் போன் போடுங்க. எவன் பக்கமாவது சாயச் சொல்லுங்க."