நீட்டிய போன்

"அந்த போனை வெளியில வச்சிட்டு வரச் சொல்லுங்க" என்று கிரேனாப்பு சொல்லி முடிக்கவில்லை, "பிள்ளை ஆஸ்பத்திரியில கெடக்குதாம், நீ சும்மா இரு" என்று குறுக்கே பேசினார் அவள் கணவர், போதகர் ஞானசிகாமணி.

"பக்கத்து ஊர் பாஸ்டர் வீட்டுலயும் சும்மாத்தான் இருந்தாங்க. ஜெபிக்கச் சொல்லி வந்தவ படம் பிடிச்சுப் போலீசுல கொடுத்துட்டா. மதம் மாத்துறாருன்னு மனுஷன் இன்னும் ஜெயில்ல இருக்காரு."

"அதுக்காக வந்தவளைத் திருப்பி அனுப்பச் சொல்றியா?"

வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நெற்றியில் குங்குமம், தலையில் முக்காடு. ஜெபத்துக்கு முக்காடு போட இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கிரேனாப்புக்கு உறுத்தியது. மகன் வீடியோ காலில் இருக்கிறானாம், ஐயா அவனுக்காக ஜெபித்தால் போதுமாம். போனை இரு கைகளாலும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார்.

கிரேனாப்பு அவள் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். திரையில் பையன் இல்லை. கணவரின் முகம்தான் இருந்தது.

"பிள்ளை எங்கம்மா?"

"முடியெல்லாம் கொட்டிப்போச்சுக்கா. யாரும் பார்க்கக் கூடாதுன்னு கேமராவை அணைச்சுட்டான். ஐயா பேசுறது அவனுக்குக் கேட்கும், நிறுத்தச் சொல்லிராதீங்க."