யோகேஸ்வரி கழுவாத சட்டை

“உங்கட மனுசன்ர வேலை உடுப்பை ஆரம்மா தோய்க்கிறது?” என்று டொக்டர் மிதுனா கேட்டதும் யோகேஸ்வரி கதிரையை விட்டு எழுந்துவிட்டாள்.

“அத மட்டும் கேக்காதீங்க டொக்டர். வேற என்ன வேணும்னாலும் கேளுங்க.”

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு மாடியில் இருந்தது அந்த ஆய்வு அறை. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடு வெட்டியவர்களின் குடும்பத்தாருக்கு, நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் நோய் வந்திருக்கிறதா என்று மிதுனா மூன்று வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். யோகேஸ்வரியின் கணவர் முத்துலிங்கம் ஒருகொடவத்தையில் தகடு வெட்டும் யார்ட் ஒன்றில் பதினெட்டு வருடம் வேலை செய்தவர். போன ஆவணியில் அந்த நோயில்தான் போய்ச் சேர்ந்தார்.

இப்போது யோகேஸ்வரிக்கும் ஸ்கேன் எடுத்தாயிற்று. முடிவு மேசைமேல் ஒரு உறைக்குள் கிடந்தது. அதைக் கேட்கத்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தாள்.

“கேக்காமல் விடேலாதம்மா. வெட்டுற தூசு உடுப்பில ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். உதறித் தோய்க்கிற ஆள்தான் அதைச் சுவாசிக்கிறது. நீங்கள்தானே தோய்ச்சனீங்கள்?”

“நான் கழுவல. ஒரு நாளும் கழுவல.” பயத்தை மீறி ஆத்திரம் வந்துவிட்டது. “வருசத்துக்கு ரெண்டு நீலச் சட்ட யார்டுல குடுப்பாங்க. அதுல ஒன்னுகூட அழுக்கா எங்க வீட்டு வாசப்படி ஏறுனதில்ல. மனுசன் சாயங்காலம் குளிச்சு முழுகி, சோப்பு மணக்க மாப்பிள்ள மாதிரி வருவாரு. அங்கயே கொழாயடில கழுவிக்கிறாரு போலன்னு நெனச்சேன். அப்புறந்தான் தெரிஞ்சிச்சு, அதுக்குன்னு ஒருத்திய வச்சிருக்காருன்னு.”

மிதுனாவின் பேனா நின்றது. “எங்க?”

யோகேஸ்வரிக்கு அது இருபத்தைந்து வருடப் பொருமல். ஒரு தடவை திறந்துவிட்டால் அவளுக்கு மூடத் தெரியாது.

“யார்டுக்குப் பின்னால ஒரு சந்து இருக்கு. ஒரு நாளு சோத்துப் பார்சல மறந்துட்டுப் போய்ட்டாருன்னு கொண்டு போனேன். அங்க ஒருத்தி என் புருசன் சட்டையக் கொடியில போட்டு, காலர நீவி நீவி விடுறா! நீல நூல் இல்லாம செவப்பு நூல்ல நான் பட்டன் தச்ச சட்ட, எனக்குத் தெரியாதா? கொடி முழுக்க நீலச் சட்டதான் தொங்குது. அங்கதான் குடித்தனம் நடக்குதுன்னு அப்பவே வெளங்கிருச்சு.”

“அவா எப்பிடி இருந்தவா?”

“ஒல்லியா, செவப்பா. என்னய விட ஒன்னும் அழகில்ல.”

சொல்லிவிட்டாளே தவிர, அந்த முகத்தை நினைக்காமல் அவள் படுத்த நாளில்லை. முத்துலிங்கத்தின் மேல் மணத்த அதே சோப்பைத் தேடி வாங்கி, ஒரு மாதம் தேய்த்துத் தேய்த்துக் குளித்துப் பார்த்தாள். அந்த மனுசன் கவனிக்கவேயில்லை. அந்த எரிச்சலில் மிச்சச் சோப்பைச் சாக்கடைக் கானுக்குள் வீசினாள்.

“நீங்கள் அவரிட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லையா?” மிதுனாவின் குரல் தணிந்திருந்தது.

“கேட்டா ஒத்துக்கவா போறாரு? சோத்தப் போட்டேன், பேச்ச நிறுத்திட்டேன். கடைசியில படுக்கையில கெடந்து மூச்சு முட்டுறப்ப, ‘யோகேசு, நான் என்ன செஞ்சேன்? ஒரு வார்த்த பேசு’ன்னு கையப் புடிச்சாரு. எப்பிடி நடிக்கிறாரு பாருன்னு கைய இழுத்துக்கிட்டேன். பேசல.”

சொல்லும்போது அவள் குரல் கொஞ்சமும் தளரவில்லை. தான் கழுவ வேண்டிய சட்டையை இன்னொருத்தி கழுவிய குற்றத்துக்கு அந்தத் தண்டனை போதாது என்றுதான் இன்றைக்கும் அவளுக்குப் பட்டது.

மிதுனா உறையைப் பிரித்து, ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“உங்களுக்கு ஒண்டுமில்லையம்மா. சவ்வு சுத்தமா இருக்கு. அந்த உடுப்பை நீங்கள் உதறித் தோய்ச்சிருந்தால், நான் இப்பிடி நிம்மதியாச் சொல்லியிருக்கமாட்டன்.”

யோகேஸ்வரி தொப்பென்று கதிரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடி, “முருகா” என்று இரண்டு கையையும் கூப்பினாள். உயிர்ப்பயம் எழுந்து போன இடத்தில், உடனேயே பழைய ஆத்திரம் வந்து குந்திக்கொண்டது.

“அப்ப அந்தத் தூசெல்லாம் அவளுக்குத்தானே போயிருக்கும்?”

“ஓம். இதே சவ்வு வருத்தம்தான். நாலு வருசத்துக்கு முந்திக் காலமாயிட்டா.”

“வேணும் அவளுக்கு! அடுத்தவ புருசன் உடுப்புல கைய வச்சாள்ல?” யோகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “ஆமா, அவ செத்தது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

மிதுனா படிவத்தை இழுத்து, உடுப்பைத் தோய்த்தவர் யார் என்ற கேள்விக்கு நேரே சரோஜினிதேவி என்று எழுதினாள். பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அந்த யார்டில இருந்த பதினொரு பேரின்ர உடுப்பும் கூலிக்குத் தோய்ச்சுத்தான், என்ர அம்மா என்னைப் படிப்பிச்சவா.”