கீரைப் பாத்தியில் கரி

பேட்டரிக்காரரைக் கையும் களவுமாகப் பிடித்தது அவள்தான்.

விடிந்தும் விடியாத நேரம். மனிதர் பொதுத் தோட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தளதளவென்று வளர்ந்திருந்த கீரையை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சாக்குக் கரி. பிடுங்கிய இடத்தில் கரியைக் கொட்டி, வெறுங்கையால் மண்ணோடு பிசைந்தார்.

அவள் ஓடிப் போய்க் கணவரிடம் சொன்னாள்.

பன்னிரண்டு வீடுகளுக்கும் சேர்த்துப் போட்ட தோட்டம் அது. அந்த வீடுகளைக் கட்டி விற்றவர் அவள் கணவர். குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரும் அவரே. கீரையைக் கட்டுக் கட்டாகப் பிரித்து வீடு வீடாகக் கொடுத்து வருவது அவள் வேலை.

கொடுப்பதோடு சரி. மகள் இரண்டாம் வகுப்பில் சேர்ந்த வாரம் கணவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். "இனிமே நம்ம வீட்டுக்கு ஒரு இலைகூட வேண்டாம். தலைவர் வீட்டுல அள்ளிக்கிறாங்கன்னு நாளைக்கு எவனாவது பேசுவான். இதை வெளியில சொல்லாதே, தம்பட்டம் அடிக்கிற மாதிரி இருக்கும்." இப்படிப்பட்ட மனிதருக்கு வாக்கப்பட்டோமே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அன்று மாலையே தலைவர் வீட்டு ஹாலில் கூட்டம் கூடியது.

பேட்டரிக்காரர் மேல் எல்லாருக்கும் ஏற்கெனவே கடுப்பு. தச்சுப் பட்டறையில் கழித்த மரத்துண்டுகளை மூடி போட்ட டிரம்மில் சுட்டுக் கரியாக்குவார். கேட்டால், இப்படிச் செய்தால் மரம் மொத்தமும் புகையாகப் போய்விடாது, பாதியாவது கரியாக நூற்றுக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடக்கும், மண்ணுக்கும் நல்லது வானத்துக்கும் நல்லது என்பார். வானத்தைக் காப்பாற்ற வந்த பெரிய மனுஷன் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் வீட்டுத் தையல்காரி தன் நாலு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பையனுக்கு மாசக்கணக்கில் வயிற்றுவலி, வாந்தி. தெரிந்த வார்த்தைகளைக்கூட மறந்துகொண்டு வருகிறான். எல்லாம் இந்தக் கரியால்தான் என்று அழுதாள்.

பேட்டரிக்காரர் பையனைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"கரி ஒண்ணும் பண்ணாதும்மா. தோட்டம் இருக்கிற இடத்துல முன்னாடி பேட்டரி ஷெட் இருந்தது. பத்தொன்பது வருஷம் அங்கதான் எனக்கு வேலை. பழைய பேட்டரியை உடைச்சு, ஈயக் கழிவை மண்ணுல கொட்டினது இந்தக் கைதான். அது விஷம். கரி அதைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கும். முழுசா இல்ல. அதான் கீரையையும் பிடுங்கினேன்."

தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று தையல்காரி கேட்டாள்.

"தலைவர்கிட்ட சொன்னேனே. மண்ணைச் சோதிச்சு, ரிப்போர்ட்டை அவர் கையிலயே கொடுத்தேன். ஸ்கூல் திறந்த வாரம். மண்ணை மாத்திடலாம், அதுவரைக்கும் பேசாதீங்க, கொட்டினது நீங்கதானே, போலீஸ் உங்களைத்தான் பிடிக்கும்னார். பயந்துட்டேன்."

தலைவர் சிரித்தார். எந்த ரிப்போர்ட், எங்கே காட்டுங்கள் என்றார். பேட்டரிக்காரரிடம் காட்ட ஒன்றுமில்லை. செய்த தப்பை மறைக்க வாய்க்கு வந்ததை உளறுகிறார், இனி இவர் தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். நாலைந்து தலைகள் ஆடின.

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொல்றதுதான் சரி தலைவரே. விஷமா இருந்தா உங்க பொண்ணுக்கும் வந்திருக்கணுமே. அதுவும் இதே கீரையைத்தானே சாப்பிடுது?"

"அதானே?" என்றார் தலைவர். "தினமும் சாப்பிடுது."

கீரை வேண்டாம் என்று சட்டம் போட்ட நாள் அவளுக்கு நினைவு வந்தது. ஸ்கூல் திறந்த வாரம். கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். இடுப்பில் துவண்டு கிடந்த பையனைப் பார்த்தாள். நேற்றுக்கூட அந்த வீட்டு வாசலில் பிஞ்சுக் கீரையாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள்தான். வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது.

எழுந்து தையல்காரியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இல்லக்கா. ஸ்கூல் திறந்த வாரத்திலேருந்து எங்க வீட்டு அடுப்புல அந்தக் கீரை ஏறினதே இல்ல. வேண்டாம்னு சொன்னது இவர்தான்."