தூபம் போட்ட கை

“கிறிஸ்தவங்களோட சபை மூப்பன் நெமேசியோன், ஊர்க்கோடிப் புறா மாடத்துல பதுங்கியிருக்கான்யா,” என்றான் ஹோரியோன்.

பலிபீடத்தருகே உட்கார்ந்திருந்த ரோம அதிகாரி நிமிர்ந்தார். “முதல்ல உன் சீட்டைக் காட்டு.”

பேரரசரின் தெய்வங்களுக்குத் தூபம் போட்டவர்களுக்குக் கொடுக்கும் சீட்டை ஹோரியோன் நீட்டினான்.

“சரி, அந்தாள் மேல உனக்கென்ன அவ்வளவு ஆத்திரம்?”

“எங்க வீட்டுல ஒரு சாவு விழுந்துச்சுங்க. அவனாலதான்.”

சற்று நேரத்தில் கிழவரை இழுத்து வந்தார்கள். தாடியெல்லாம் புறா எச்சம்.

“ஒரு சிட்டிகை தூபம், ஒரு துண்டு பலி இறைச்சி. மாட்டேன்னா சிங்கத்துக்கு நீ இறைச்சி. எது வசதி?” என்றார் அதிகாரி.

கிழவர் வானத்தைப் பார்த்தார். காவலனின் வாளைப் பார்த்தார். பிறகு தூபத்தைப் போட்டார். இறைச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

சீட்டை அவரிடம் கொடுத்துவிட்டு அதிகாரி ஹோரியோனைப் பார்த்துச் சிரித்தார். “உன் பழி புஸ்ஸுன்னு போச்சேப்பா! ஆளு தப்பிச்சிட்டான்.”

“செத்திருந்தாத்தான் தப்பிச்சிருப்பாருங்க. எங்க கிறிஸ்தவ ஜனங்க அவர் எலும்புக்கு முத்தம் குடுத்துக் கும்பிட்டிருப்பாங்க.”

ஹோரியோன் கிழவரின் காதருகே குனிந்தான்.

“மூப்பரே, போன மாசம் என் தங்கச்சி, கைக்குழந்தையை நெனச்சுப் பயந்து ஒரு சிட்டிகை போட்டா. அழுதுக்கிட்டே வந்து உங்க காலைப் பிடிச்சா. ‘தூபம் போட்ட கை இந்தச் சபைக் கதவைத் தொடக் கூடாது’ன்னு சாத்தினீங்க. மறுநாள் நைல் ஆத்துல பொணமா மிதந்தா.”

கிழவரின் கையில் சீட்டு கசங்கியது.

“வர்ற ஞாயித்துக்கிழமை, கதவுக்கு எந்தப் பக்கம் நிப்பீங்க?”